பட்டினியில் பிறக்கும் நஞ்சு
(கொட்டச்சேட்டில் நடந்த முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"சாப்பாட்டுக்கு முன்னாடியே பேசிடுப்பா" என்று செயலாளர் சொல்லிவிட்டார். நான் பேசப்போவதும் சாப்பாடு பற்றித்தான். ஆனால் நமக்கில்லை, பூச்சியைக் கொல்லும் பாக்டீரியாவுக்கு. ஃபெர்மென்டரோடு தினமும் மல்லுக்கட்டும் பொறியாளன் என்ற முறையில் சொல்கிறேன்.

பேசிலஸ் துரிஞ்சியென்சிஸ், சுருக்கமாக பி.டி. 1901-ல் ஜப்பானில் இஷிவாட்டா பட்டுப்புழு நோயை ஆராயும்போது கண்டார். 1911-ல் ஜெர்மனியில் பெர்லினர் மறுபடி கண்டார். துரிஞ்சியா என்ற பகுதியின் பெயரே அதற்கு நிலைத்தது. கொசுப்புழுவைக் கொல்லும் வகையான பி.டி.ஐ. 1976-ல் இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்தில் கிடைத்தது. இதன் உடலில் உருவாகும் புரதப் படிகம்தான் நஞ்சு. கொசுப்புழுவின் குடலில் காரத்தன்மை அதிகம்; அங்கே படிகம் கரைந்து குடலைத் துளைத்துவிடும். நம்ம வயிறு அமிலம். நமக்கு ஒன்றும் ஆகாது.

இப்போ விஷயத்துக்கு வருகிறேன். உணவு தாராளமாக இருக்கும்வரை இந்த பாக்டீரியா பெருகிக்கொண்டே போகும். நஞ்சு பக்கம் போகாது. உணவு தீர்ந்து பட்டினி வரும்போதுதான் வித்தாக மாறும். கூடவே படிகத்தையும் கட்டும். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பார்கள். இங்கே தலைகீழ்! அளவுக்கு மிஞ்சிச் சர்க்கரை போட்டால் அமிலம் சேரும், ஆக்சிஜன் பற்றாது, வித்து தடைப்படும், நஞ்சும் குறையும். பாக்டீரியா கோடிக்கணக்கில் இருக்கும், கொசுப்புழுவோ சாகாது. அதனால்தான் எண்ணிக்கையை மட்டும் நம்பாமல், புழுவின் மேல் போட்டுப் பார்த்தே சரக்கின் வீரியத்தை அளக்கிறார்கள்.

இனத்துக்கு இனம் நாக்கும் வேறு. கொசுவைக் கொல்லும் இன்னொரு பாக்டீரியாவான ஸ்ஃபெரிகஸ், குளுக்கோஸைத் தொடாது. அதற்குப் புரதம்தான் வேண்டும். மாங்கனீசு, கால்சியம், மக்னீசியம் உப்புகள் துளியாவது இல்லாவிட்டால் வித்து ஒழுங்காக வராது. சமையலில் உப்பு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

ஆய்வுக்கூடத்தில் பெப்டோன், ஈஸ்ட் சாறு என்று ராஜ விருந்து வைப்பார்கள். அதே விருந்தைத் தொழிற்சாலை அளவில் வைத்தால் விலை ஏறும். ஏறிய விலைக்குப் பஞ்சாயத்துகள் எப்படி வாங்கும்? சாக்கடை ஓரம் குடியிருக்கிற மக்களுக்குத்தானே நஷ்டம்! அதனால் மலிவான உணவு தேடும் வேலை வெறும் ஆராய்ச்சி ஆசை அல்ல.

இதில் நமக்குப் பக்கத்திலேயே முன்மாதிரி இருக்கிறது. புதுச்சேரியில் 1975-ல் தொடங்கிய நோய்க்கடத்தி கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையத்தில் சோயா மாவை வைத்து பி.டி.ஐ. வளர்த்தார்கள். அங்கே பூபதியும் அவருடன் பணியாற்றியவரும் கோழி இறகைப் பயன்படுத்தியதை 2007-லும், காப்பித் தோல் கழிவைப் பயன்படுத்தியதை 2011-லும் கட்டுரைகளாக வெளியிட்டார்கள். கோழி இறகுக்கு நாமக்கல் இருக்கிறது. காப்பித் தோலோ, இதோ நாம் உட்கார்ந்திருக்கும் மலையிலேயே!

சுலபம் என்று சொல்ல மாட்டேன். காப்பித் தோலில் கஃபீனும் டானினும் உண்டு. அளவு தவறினால் பாக்டீரியாவையே முடக்கும். ஒரு லோடு போல இன்னொரு லோடு இராது. அறுவடை சில மாதங்கள்தான். ஆலை வருஷம் முழுக்க ஓட வேண்டும். நனைந்தால் பூஞ்சை பிடிக்கும். கிருமி நீக்க நீராவி வேண்டும், அதற்கு விறகோ மின்சாரமோ வேண்டும். கழிவு இலவசம், அதைப் பக்குவப்படுத்துவது இலவசமில்லை.

ஆனால் இவை அத்தனையும் பொறியாளர் கணக்குகள்தானே? உலர்த்துவது கெமிக்கல்காரர் வேலை, காற்றூட்டுவது மெக்கானிக்கல்காரர் வேலை, ஆக்சிஜனையும் பி.ஹெச்-சையும் கண்காணிப்பது நம்ம எலக்ட்ரானிக்ஸ் தம்பிகள் வேலை. இறுதியாண்டு மாணவர்களுக்கு இதையே ஒரு கூட்டு புராஜெக்டாகக் கொடுக்கலாம். நுண்ணுயிரியல் துறை உள்ள கல்லூரி ஒன்று கைகோக்க வேண்டும். செலவில் ஒரு பங்கை நம் சங்கம் ஏற்கலாம் என்பது என் பணிவான கோரிக்கை.

சமையல்காரர் எட்டிப் பார்க்கிறார். பட்டினி பாக்டீரியாவுக்கு மட்டும் இருக்கட்டும், நமக்கு வேண்டாம்.