வகுப்பறைக்கு ஓர் அறிவிப்புப் பலகை



மெட்ரிக்குலேஷனோடு படிப்பை நிறுத்திய இரயில்வே குமாஸ்தா நாம். கல்லூரி ஆசிரியர்களுக்கு யோசனை கூறும் தகுதி நமக்கில்லை; பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்பிய தந்தை என்ற உரிமையில் ஒன்று வேண்டுகிறோம்.

சென்ற ஆண்டு நம் மகன் காய்ச்சலால் பத்து நாள் வகுப்பிழந்தான். நடந்த பாடம் எதுவென அறியவே நண்பர் வீடுகளுக்கு அலைந்தான். அவனுடைய ஆசிரியர் வல்லவரே; ஆயினும் அவர் சொல் வகுப்பறைச் சுவரோடு நின்றுவிட்டது.

அமெரிக்காவின் எம்.ஐ.டி., தன் பாடங்களை இணையத்தில் யாவர்க்கும் இலவசமாக வழங்கப்போவதாக 2001-இல் அறிவித்தது. நம் நாட்டில் ஐ.ஐ.டி.களும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் 2003-இல் என்.பி.டி.இ.எல். திட்டத்தைத் தொடங்கின. அத்துணைப் பெரிய ஏற்பாடு வேண்டுவதில்லை. ஆசிரியர் தம் வகுப்பிற்கென ஓர் இணையப்பக்கம் அமைத்து, பாடத்திட்டம், அன்றன்றைய குறிப்பு, பயிற்சிக் கணக்கு, தேர்வு நாள் ஆகியவற்றை இட்டாற் போதும். எப்பாடம் எடுப்பதென எண்ணும் புதிய மாணவனும் அதைக் கண்டு விரும்பிச் சேர்வான்.

பக்கம் இருந்தால் மாணவர் வகுப்பிற்கு வாரார் என்பர் சிலர். நிலையத்தில் கால அட்டவணை தொங்குவதால் எவரும் வண்டியேறாது நின்றுவிடுவதில்லை. அதைப் பார்த்தே வண்டியைத் தவறவிடாமல் வருகின்றனர்.

நம் காலனியில் ஆசிரியப் பணி புரியும் அன்பர்கள் இவ்வாண்டே இதனைத் தொடங்குவார்களாக!