ஆள் மிகுதியும் ஆள் தட்டுப்பாடும்



வேலையில்லாதோர் பெருகிய காலத்தில் தேர்ந்த பணியாளரைப் பெறுதல் எளிது என்பது பலருடைய எண்ணம். விண்ணப்பங்கள் குவிந்தால் அவற்றுள் தக்கவரும் இருந்தே தீர்வர் என்று தொழில் நடத்துவோர் நம்புகின்றனர். அமெரிக்க நாட்டின் அண்மைக்கால வரலாறு அந்நம்பிக்கை பிழையென உணர்த்துகிறது.

2007 டிசம்பரில் அந்நாட்டில் தொடங்கிய பொருளாதார மந்தநிலை 2009 ஜூன் வரை நீடித்தது. அது முடிந்த பின்னரும் வேலையின்மை ஏறிக்கொண்டே சென்று, 2009 அக்டோபரில் 10 விழுக்காட்டைத் தொட்டது. ஏறத்தாழ ஒன்றரைக் கோடிப் பேர் வேலையின்றி நின்றனர். அவ்வாண்டின் நடுவில் ஒரு காலியிடத்திற்கு ஆறு பேர் என்னும் அளவில் வேலை தேடுவோர் இருந்தனர். ஆயினும், திறன்மிக்க ஆட்கள் கிடைக்கவில்லை என்று தொழிற்சாலைகளும் மென்பொருள் நிறுவனங்களும் முறையிட்டன.

இம்முரண்பாட்டிற்குக் காரணங்கள் உள. மந்த காலத்தில் தேர்ந்தவர் தம் இருக்கையை விட்டு அசைவதில்லை. ஆட்குறைப்பு நேர்ந்தால் இறுதியாகச் சேர்ந்தவரே முதலில் வெளியேற நேரும் என்னும் அச்சம் அவரைத் தடுக்கிறது. தாமாகப் பணி விலகுவோர் தொகை அந்நாளில் பெரிதும் குறைந்தது. வீட்டு விலை வீழ்ந்தமையால் வீட்டை விற்றாலும் கடன் தீராத நிலையில் இருந்தோர்க்கு வேற்றூர்ப் பணியை ஏற்பதும் அரிதாயிற்று.

நிறுவனங்களின் செயலும் ஒரு காரணமே. ஆள் மிகுதி என்றெண்ணி அவை தகுதிகளை மேன்மேலும் கூட்டின; ஊதியத்தைக் கூட்ட மறுத்தன. பயிற்சி அளிக்கும் பொறுப்பினின்றும் பல விலகின. கணினிச் சல்லடையோ, குறித்த சொல் இல்லாத விண்ணப்பத்தை மனிதர் கண்ணில் படாமலே ஒதுக்கிற்று. பென்சில்வேனியா பல்கலைக்கழகப் பேராசிரியர் பீட்டர் காப்பெல்லி 2012இல் வெளியிட்ட நூலில், குறை தொழிலாளரிடத்தன்று, ஆளெடுக்கும் முறையிலேயே பெரிதும் உளது என்று வாதிட்டார்.

இவற்றினும் கொடியது ஒன்றுண்டு. தற்போது பணியில் இருப்போர் மட்டுமே விண்ணப்பிக்கலாம் என்னும் விளம்பரங்கள் வெளிவந்தன. வேலை இழந்தமையே தகுதியின்மைக்குச் சான்றாகக் கொள்ளப்பட்டது. ஆலை மூடப்பட்டதால் வெளியேறிய பொறியாளர், தம் பிழை ஏதுமின்றியே வாயிலில் நிறுத்தப்பட்டார். அத்தகைய விளம்பரங்களை நியூ ஜெர்சி மாநிலம் 2011இல் சட்டத்தால் தடுத்தது.

பணி தேடுவோரும் பணி தருவோரும் ஒருவரையொருவர் கண்டடையக் காலமும் பொருளும் செலவாகின்றன. அதனால் காலியிடமும் வேலையின்மையும் ஒருங்கே நிலவக்கூடும். இதனை ஆராய்ந்து விளக்கிய பீட்டர் டைமண்ட், டேல் மார்டென்சன், கிறிஸ்டோபர் பிசாரிடெஸ் ஆகிய மூவருக்கும் 2010ஆம் ஆண்டின் பொருளியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இவ்வவையில் தொழில் நடத்துவோரும் உளர். வேலை தேடும் மக்களைப் பெற்றோரும் உளர். இரு சாரார்க்கும் இவ்வரலாறு பாடமாகும். ஆளெடுப்போர், முழுத் தகுதியும் வாய்த்தவர் வரும்வரை இருக்கையை வெறுமையாய் வைத்திருப்பதினும், அடிப்படை அறிவும் ஊக்கமும் உடையவரைச் சேர்த்துச் சில திங்கள் பயிற்றுதல் நன்று. விண்ணப்பத்தில் ஓராண்டு இடைவெளி தென்பட்டால், ஒதுக்குமுன் அதன் காரணத்தை வினவுதல் முறை.

பெற்றோர், வேலை இழந்த மகனையோ மகளையோ உறவினர் முன் குறைத்துப் பேசுதல் தகாது. இளைஞரும் அவ்விடைவெளியை மறைக்க வேண்டுவதில்லை. அக்காலத்தில் கற்றதையும் செய்ததையும் தெளிவாக எழுதுதல் போதும். முகமறியா விண்ணப்பம் சல்லடையில் நின்றுவிடும் காலத்தில், ஒருவரின் உழைப்பை நேரில் அறிந்தவர் கூறும் பரிந்துரைக்கு மதிப்பு மிகுதி. அறிந்தவர் பலர் ஒருங்கு கூடும் இத்தகைய விழாக்களில், தக்கார் ஒருவரின் பெயரை வேண்டுவோரிடம் எடுத்துரைத்தல் பொருட்செலவில்லாத உதவி. அவ்வொரு சொல்லால் ஒரு குடும்பத்தின் நிலை மாறக்கூடும்.