சபாநாயகரின் கடிதக் கட்டுகள் யாருக்குச் சொந்தம்?

(பொதுக்கூட்டமொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவு)



காணி உறுதியைப் பெட்டகத்திற் பூட்டிவைத்திருக்கும் உங்களுக்குப் பத்திரத்தின் அருமையை நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. ஒல்லாந்தர் எழுதிவைத்த தோம்பு, அவர்கள் ஆட்சி ஒழிந்த பின்னரும் நிலவுரிமைக்குச் சான்றாய் விளங்கிற்று. எழுதியவன் போய்விட்டான், எழுத்து நின்றது. காணிக்குப் பொருந்தும் இந்நியாயம் ஆட்சிக்கும் பொருந்த வேண்டாமா? இதனை ஆராய்வதற்கு அமெரிக்காவின் கலிபோர்ணியா மாநிலத்தை எடுத்துக்கொள்வோம்.

நாம் அறிந்த பாராளுமன்ற மரபிற் சபாநாயகர் கட்சிப் பூசலுக்கு அப்பாற்பட்டவர். கலிபோர்ணியாக் கீழ்ச்சபையின் சபாநாயகரோ பெரும்பான்மையினரின் அரசியற் தலைவர். எந்தக் குழுவில் எவர் இருப்பது, எவர் தலைமை வகிப்பது என்பதைப் பெரும்பாலும் அவரே நிர்ணயிக்கின்றார். மசோதா வாழ்வதும் மாள்வதும் அக்குழுக்களிலேதான். 1961 முதல் 1969 வரை அப்பதவி வகித்த ஜெசி அன்ரூ, 1963இல் வரவு செலவுத் திட்டத்துக்கு வாக்களிக்க மறுத்த எதிர்க்கட்சியினரைச் சபாமண்டபத்துள் இரவு முழுவதும் பூட்டிவைத்தார். வியாபார நிலையங்களில் நிறபேதம், மதபேதம் காட்டுவதைத் தடுக்கும் 1959ஆம் ஆண்டுச் சட்டமும் அவர் பெயராலேயே வழங்குகின்றது. பின்னர் வில்லி பிறவுண் 1980 முதல் 1995 வரை அவ்வாசனத்தில் அமர்ந்திருந்தார்.

இத்தகையோரின் கந்தோரிற் சேரும் பத்திரங்கள் யாவை? மசோதாக் கோவைகள், உதவியாளர் குறிப்புகள், தொகுதி மக்களின் முறைப்பாடுகள், முதலாளிமாரும் தொழிற்சங்கங்களும் விவசாயிகளும் விடுத்த வேண்டுகோள்கள் ஆகியவை. யார் எப்பக்கம் வாக்களித்தார் என்பதைச் சபைக் குறிப்பு கூறும். ஏன் அவ்வாறு வாக்களித்தார் என்பதை இக்கடிதக் கட்டுகளே கூறும்.

அம்மாநிலம் சுவடிகளை மதியாததன்று. ஐக்கிய அமெரிக்காவுடன் இணைக்கப்படுமுன்னரே, 1850 சனவரியில், ஆளுநர் பீற்றர் பேர்னெற் ஒப்பமிட்ட முதற் சட்டமே பொதுச் சுவடிகள் பற்றியதுதான். எனினும் 1968இல் அரசாங்கப் பத்திரங்களைப் பார்க்கும் உரிமையைக் குடிமக்களுக்கு வழங்கிய சட்டசபை, அச்சட்டத்தினின்றும் தன்னை விலக்கிக்கொண்டது. 1975இல் தனக்கெனத் தனிச்சட்டம் இயற்றியபோதும், உறுப்பினர்களின் கடிதப் போக்குவரத்துக்குப் பொதுவில் விலக்களித்தது. பிறர் பெட்டியைத் திறக்கச் சொன்னவர்கள் தம் பெட்டியின் திறப்பைத் தம் மடியிலேயே வைத்துக்கொண்டனர்!

சட்டம் பயின்றோர் இதன் விளைவை நன்கறிவர். சட்டவாசகம் இருபொருள் தருமாயின் அதன் நோக்கம் யாதென நீதிமன்றம் வினவும். கலிபோர்ணிய நீதிமன்றங்கள் தனியோர் உறுப்பினரின் எண்ணத்தைச் சபை முழுவதன் நோக்கமாக எளிதில் ஏற்பதில்லை. குழு அறிக்கைகளுக்கே மதிப்பளிக்கின்றன. ஆயினும், அறிக்கை பிறந்த வரலாற்றைத் தலைவரின் கோவையின்றி எவ்வாறு அறிவது?

மேலும், 1990இல் அம்மாநில வாக்காளர்கள் உறுப்பினர்களின் பதவிக்காலத்துக்கு எல்லை வகுத்தனர். கீழ்ச்சபையில் ஆறாண்டுகளுக்கு மேல் இருத்தலாகாது என்றனர். 2012இல் இரு சபைகளுக்குமாகப் பன்னிரண்டாண்டுகள் என அது மாற்றப்பட்டது. தலைவர்கள் விரைவில் மாறும் சபைக்கு நினைவாற்றல் ஏது? பத்திரங்களே அதன் நினைவு.

அந்தரங்கம் என்னாவது எனச் சிலர் வினவுவர். நியாயமான வினாவே. நோயையும் கடனையும் குறித்து ஏழை எழுதிய கடிதத்தை நாளையே ஊரார் படிக்கவேண்டுமென நாம் கூறவில்லை. காலவரையறை விதித்துப் பூட்டிவையுங்கள், எரித்துவிடாதீர்கள் என்கின்றோம். பூட்டிய பெட்டியை என்றேனும் திறக்கலாம். சாம்பலைப் படிக்க முடியாது.

ஆதலின் எந்நாட்டுச் சட்டசபைக்கும் நாம் வேண்டுவன மூன்று. மக்கள் பணத்தில் நடந்த கந்தோரின் பத்திரம் மக்கள் சொத்தாக வேண்டும். கந்தோர் அடுக்கிவைத்த ஒழுங்கைக் குலையாது அவை காப்பகம் சேர வேண்டும்; அவ்வொழுங்கும் ஒரு சாட்சியே. திறக்கும் நாளைத் தலைவரன்றிச் சட்டம் நிர்ணயிக்க வேண்டும்.

அன்பர்களே! நாமும் இன்றே செய்யக்கூடிய தொன்றுண்டு. உங்கள் கிராமச் சங்கம் பிரதிநிதிக்கு மனு அனுப்பும்போது பிரதியொன்றை எடுத்துத் திகதியிட்டு, வந்த பதிலுடன் சேர்த்துக் கட்டிவையுங்கள். பதில் வராவிடின் அதனையும் குறித்துவையுங்கள். பெரியோர் தம் கட்டைத் தொலைத்துவிடலாம். நம் கட்டு நம்மிடமிருக்கட்டும்.