கோணிப்பையில் மூன்று குட்டிகள்

(வானொலி மறையுரையின் எழுத்து வடிவம்)



அக்டோபர் 4, அசிசி நகர்ப் புனித பிரான்சிஸின் திருநாள். உலக விலங்குகள் நாளும் அதுவே. இந்த வாரத்து மறையுரைகளில் வழக்கமாகப் பிரான்சிஸோடு பறவைகள் வரும், குப்பியோ ஊர் ஓநாய் வரும். நான் இன்று பூனையைப் பற்றிப் பேசப் போகிறேன். சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். ஆனால் அதற்கு முன் நான் ஒரு பாவசங்கீர்த்தனம் செய்தாக வேண்டும்.

ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது எங்கள் வீட்டு விறகு அடுக்குக்குப் பின்னால் ஒரு பூனை மூன்று குட்டி போட்டது. பால் சட்டியை உருட்டுகிறது என்று அம்மாவுக்குக் கோபம். குட்டிகளைக் கோணிப்பையில் போட்டு, "எங்கனா தூரமா விட்டுட்டு வாடா" என்று கையில் கொடுத்தார். கோமுகி ஆற்றங்கரையில் ஒரு வேலமரத்தடியில் பையை அவிழ்த்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் ஓடி வந்தேன். தாய்ப்பூனை மூன்று இரவு வீட்டைச் சுற்றிக் கத்தியது. நான்காம் நாள் சத்தம் நின்றது. குருத்துவப் பயிற்சியில் எத்தனையோ முறை ஆன்ம சோதனை செய்திருக்கிறேன். இது ஒருமுறைகூட நினைவுக்கு வந்ததில்லை.

கடந்த ஆண்டு நினைவுக்கு வந்தது. சிகிச்சைக்காகச் சென்னை போயிருந்தேன். கல்வராயன் மலையில் நான் முன்பு பார்த்த கிளைப்பங்கைச் சேர்ந்த ஒரு பெண் அங்கே செவிலியராக இருக்கிறாள். "ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் பூனைங்களப் பாக்கப் போவேன் சாமி, நீங்களும் வர்றீங்களா?" என்றாள். அது ஒரு விலங்குக் காப்பகம். சம்பளம் இல்லை, பேருந்துச் செலவும் அவளுடையது.

சென்னைக்கு இந்தப் பணி புதிதல்ல. 1959இல் மழைவெள்ளத்தில் தத்தளித்த இரண்டு நாய்க்குட்டிகளை விமானி கேப்டன் சுந்தரம் வீட்டுக்குத் தூக்கி வந்தார். அவரும் மனைவி உஷாவும் பிள்ளைகளும் தொடங்கியதுதான் ப்ளூ கிராஸ் ஆஃப் இந்தியா. முதலில் அவர்கள் வீடே காப்பகம்.

பூனைகளோடு கொஞ்சுவதுதான் வேலை என்று நினைத்துப் போனேன். அந்தப் பெண் முதலில் என்னைக் கை கழுவ வைத்தாள். ஒரு கூண்டிலிருந்து அடுத்த கூண்டுக்குப் போகும்போது மறுபடியும் கழுவ வேண்டும். பூனைகளுக்கு வரும் ஒரு வைரஸ் கழிச்சல் நோய் நம் கை வழியாகவே பரவி, ஓர் அறையிலுள்ள குட்டிகளை எல்லாம் கொன்றுவிடுமாம். பிறகு மணல் தட்டுகளை அள்ளிக் கொட்டினாள், கிண்ணங்களைத் தேய்த்தாள், தரையைக் கழுவினாள். இரண்டு மணி நேரம் அதற்கே போனது.

அடுத்தது தாயில்லாக் குட்டிகள். கண் திறந்து சில நாளே ஆனவை. இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை, இரவிலும், இதற்கென்றே உள்ள பாலைச் சிறு புட்டியில் கொடுக்க வேண்டும். பசும்பால் வயிற்றைக் கெடுத்துவிடும். உடம்பு சூடு குறைந்துவிட்டால் பால் குடிக்காது. அந்த வயதில் தானாகச் சிறுநீர்கூட வராது. தாய் நக்கிவிட்டால்தான் வரும், தாய் இல்லாவிட்டால் ஈரப் பஞ்சால் மெல்லத் துடைத்துவிட வேண்டும். அவள் சொல்லிக்கொண்டே செய்தாள். நான் கோமுகிக் கரையில் நின்றேன். என் மூன்று குட்டிகளும் எங்காவது பிழைத்திருக்கும் என்று அன்று எனக்கு நானே சொல்லிக்கொண்டது பொய். ஒரு நாள் தாண்டியிருந்தாலே அதிகம்.

கடைசி வேலை, சும்மா உட்காருவது. மனிதரைக் கண்டால் மிரளும் பூனைகள் இருக்கும் அறையில், கையை நீட்டாமல், கண்ணை உற்றுப் பார்க்காமல், தரையில் உட்கார வேண்டும். அதுவாக வந்தால் வரலாம். அலமாரிக்கு அடியில் பதுங்கியிருந்த ஒரு சாம்பல் நிறப் பூனை அவளிடம் வருவதற்கு ஆறு ஞாயிறு ஆனதாம். நானும் ஒரு மணி நேரம் உட்கார்ந்தேன். என்னிடம் ஒன்றும் வரவில்லை.

விவிலியத்தில் பூனைக்கு நல்ல பெயர் கிடையாது. பாரூக்கு நூலின் ஆறாம் அதிகாரத்தில் ஒரே ஓரிடத்தில், பொய்த் தெய்வச் சிலைகளின் மேல் பறவைகளோடு ஏறி உட்காருகிறது, அவ்வளவுதான். ஆனால் புனிதர்களில் ஒருவர் இருக்கிறார், பிலிப்பு நேரி. நம் பிரான்சிஸ் சவேரியாரோடு 1622இல் ஒரே நாளில் புனிதர் பட்டம் பெற்றவர். உரோமையில் பல ஆண்டுகள் தங்கியிருந்த இல்லத்தை விட்டு 1583இல் வேறு கோவிலுக்கு மாறியபோது, பழைய இடத்திலேயே ஒரு பூனை நின்றுவிட்டது. தினமும் சீடர்களில் ஒருவர் போய் அதற்குச் சாப்பாடு வைத்துவர வேண்டும். பெரிய இடத்துப் பிள்ளைகள் தெருவழியே பூனைக்குத் தீனி சுமந்தார்கள். வந்ததும் கர்தினால்கள் உட்கார்ந்திருக்கும்போதே பிலிப்பு கேட்பார்: பூனை எப்படி இருக்கிறது, நன்றாகச் சாப்பிட்டதா? சீடர்களின் தலைக்கனத்தைக் குறைக்க அவர் செய்த வேடிக்கை என்பார்கள். இருக்கலாம். ஆனால் பூனைக்குத் தினமும் சோறு கிடைத்தது அல்லவா?

இதைப் பங்கில் சொன்னபோது ஒரு பெரியவர் கோவில் வாசலில் என்னை நிறுத்தினார். "சாமி, 2024 ஜூன்ல நம்ம கருணாபுரத்துல சாராயம் குடிச்சு அறுபது பேருக்கு மேல போயிட்டாங்க. அந்தப் பிள்ளைங்களப் பாத்துட்டு அப்புறம் பூனையப் பாப்போம்." என்னிடம் உடனே பதில் இல்லை. அவர் சொன்னது நியாயம்தான். திருஅவையின் மறைக்கல்வி நூல் 2418ஆம் எண்ணில் இரண்டையும் சொல்கிறது. தேவையின்றி விலங்குகளைத் துன்புறுத்துவது மனித மாண்புக்கு ஒவ்வாது. மனிதத் துயரைத் துடைக்க வேண்டிய பணத்தை விலங்குகளுக்குக் கொட்டுவதும் தகாது. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ், "இறைவா உமக்கே புகழ்" எழுதியவர்தான், பிள்ளைகள் இருக்க வேண்டிய இடத்தில் நாயும் பூனையும் வந்துவிட்டன என்று 2022இல் கடிந்துகொண்டார்.

ஆனால் அந்தச் செவிலியப் பெண் வாரத்தில் ஆறு நாள் மனிதரைத்தான் பார்க்கிறாள், பாதி நாள் இரவுப் பணி. "பயந்துபோன பேஷண்டக்கிட்ட அவசரப்பட்டுக் கை வெக்கக் கூடாதுன்னு எனக்குப் பூனைதான் சாமி கத்துக்குடுத்துச்சு" என்றாள். இதைப் பெரியவரிடம் சொன்னேன். "பாக்கலாம் சாமி" என்று சொல்லிப் போனார். ஒப்புக்கொண்டதாகத் தெரியவில்லை.

நம் ஊரில் காப்பகம் கட்டச் சொல்லி நான் கேட்கவில்லை. குட்டிகள் தனியாகக் கிடந்தால் உடனே தூக்காதீர்கள். தாய் இரை தேடப் போயிருக்கும், எட்ட நின்று சில மணி நேரம் பாருங்கள். பெண்பூனை ஐந்து மாதத்திலேயே சினைப்படும், இரண்டு மாதத்தில் ஈனும். எனவே கோணிப்பையால் எண்ணிக்கை குறையாது, கால்நடை மருத்துவர் செய்யும் கருத்தடை அறுவையால்தான் குறையும். கடித்தாலோ கீறினாலோ சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவிவிட்டு, அன்றே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். குறுக்கே போன பூனையைச் சபித்துவிட்டு வண்டியைத் திருப்பும் கிறிஸ்தவர்களைப் பற்றி இன்னொரு நாள் பேசுகிறேன்.

போன மாதம் அம்மா போன் செய்தார். வயது எண்பதை நெருங்குகிறது. விறகு அடுக்கு இருந்த இடத்தில் இப்போது பழைய தட்டுமுட்டுச் சாமான்கள். அங்கே ஒரு பூனை நான்கு குட்டி போட்டிருக்கிறது. "என்னா சாமி பண்றது?" என்றார். அன்று கோணிப்பை கொடுத்தது அவருக்கு நினைவில்லை, நானும் நினைவுபடுத்தவில்லை. "எட்டு வாரம் தாயோட இருக்கட்டும்மா, வீடு நான் பாக்குறேன்" என்றேன். இரண்டை ஓர் அரிசி ஆலைக்காரர் கேட்டிருக்கிறார். ஒன்றை உபதேசியார் மலைக்குக் கொண்டுபோகிறார், அவர் வீட்டுச் சாமை மூட்டையில் எலித் தொல்லையாம். நான்காவது பெண்குட்டி, அதனால் யாரும் கேட்கவில்லை. வளர்க்க விருப்பமுள்ளவர்கள் பங்கு அலுவலகத்தில் பெயர் கொடுங்கள். அறுவைக்கான செலவை நான் பார்த்துக்கொள்கிறேன்.