தலைக்கட்டும் தலைக்கணக்கும்: திண்டுக்கல் புறநகரில் ஒரு சிறு சமூகத்தின் குடும்பக் கணக்கு

(விழாவில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

விழா நாளில் ஜினாலயத்தின் முன் கூடும் கூட்டம் கண்ணுக்கு நிறைவாக இருக்கும். வெளியூர்களிலிருந்து பிள்ளைகள் வந்திருப்பர்; பேரக்குழந்தைகள் ஓடி விளையாடுவர். விழா முடிந்த மறுநாள் மாலை, கதிரவன் மறையும் முன்பு எத்தனை வீடுகளில் அடுப்பு எரிகிறது, அந்த அடுப்பைச் சுற்றி எத்தனை பேர் அமர்ந்து உண்கின்றனர் என்பது வேறு கணக்கு. அந்த இரண்டாவது கணக்கே இவ்வுரையின் பொருள். திண்டுக்கல் நகரமும் அதன் புறநகர்களும் இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகின்றன.

மதுரை மாவட்டத்திலிருந்து பிரிந்து 1985 செப்டம்பர் 15 அன்று திண்டுக்கல் தனி மாவட்டமாயிற்று. 2014இல் திண்டுக்கல் நகராட்சி மாநகராட்சியாக உயர்ந்தது. 2001ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஏறத்தாழ 1,97,000 ஆக இருந்த நகர மக்கள்தொகை 2011இல் 2,07,327 ஆனது. பத்தாண்டுகளில் வளர்ச்சி நூற்றுக்கு ஐந்து என்ற அளவே. அதே காலத்தில் மாவட்டத்தின் மக்கள்தொகை 19,23,014இலிருந்து 21,59,775 ஆக, நூற்றுக்குப் பன்னிரண்டுக்கு மேல் பெருகியது.

பூட்டும் தோலும் நூலும் வணிகமும் நிறைந்த நகரம், தன் மாவட்டத்தை விட மெதுவாக வளர்ந்தது ஏன்? நகராட்சியின் பழைய எல்லைக்குள் இடம் சுருங்கியது. புதிய குடும்பங்கள் எல்லைக்கு வெளியே வீடு கட்டின. பாலகிருஷ்ணாபுரம், செட்டிநாயக்கன்பட்டி, அடியனூத்து, பள்ளப்பட்டி, குரும்பபட்டி, சீலப்பாடி ஆகிய ஊர்கள் வாழ்க்கையால் நகரத்தோடு கலந்தவை. நகரையும் அதனை ஒட்டி வளர்ந்த பகுதிகளையும் சேர்த்துக் கணக்கிட்டால் 2011இல் ஏறத்தாழ 2,92,000 பேர். அதாவது எண்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் நகராட்சி எல்லைக்கு வெளியே நகர வாழ்க்கை வாழ்ந்தனர்.

பெருஞ்சமூகங்களுக்கு இதனால் பெரிய இடர் இல்லை. எந்தப் புறநகருக்குச் சென்றாலும் அவர்களுக்கு உறவும் கோவிலும் உண்டு. சில குடும்பங்களே கொண்ட சிறு சமூகத்தின் நிலை அவ்வாறன்று. ஒரு தெருவில் அருகருகே வாழ்ந்த நான்கு குடும்பங்கள், பழனி சாலையில் ஒன்றும் திருச்சி சாலையில் ஒன்றும் வத்தலக்குண்டு சாலையில் ஒன்றும் மதுரை சாலையில் ஒன்றுமாகப் பிரிந்தால், எண்ணிக்கை மாறாது, சமூகம் மாறிவிடும். மாலையில் நடந்து சென்று ஒருவரையொருவர் காணும் வழக்கம் நின்று, விழா நாளில் மட்டும் சந்திக்கும் வழக்கம் வந்துவிடும்.

அடுத்தது குடும்பத்தின் அளவு. 2011இல் திண்டுக்கல் நகராட்சிக்குள் இருந்த குடும்பங்கள் 53 ஆயிரத்துக்கு மேல். மக்கள்தொகையை அதனால் வகுத்தால் ஒரு குடும்பத்துக்கு நான்கு பேர்கூட முழுமையாக வருவதில்லை. ஆறு வயதும் அதற்கு உட்பட்டும் இருந்த குழந்தைகள் 19,603 பேர். அதாவது பத்துப் பேருக்கு ஒரு குழந்தைகூட இல்லை. சமணர் அல்லாதாரும் சேர்ந்த முழு நகரத்தின் நிலை இது.

இங்கே குடும்பம் என்ற சொல்லின் பொருளை அறிவது நன்று. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் குடும்பம் என்பது இரத்த உறவால் வரையறுக்கப்படுவதில்லை. வழக்கமாகச் சேர்ந்து வாழ்ந்து, பொதுவான ஒரே சமையலில் உண்பவர்களே ஒரு குடும்பம். ஒரே கூரையின்கீழ் இரண்டு அடுப்புகள் எரிந்தால் இரண்டு குடும்பங்கள். விடுதியில் தங்கிப் படிக்கும் மகன், அவன் தங்கும் ஊரிலேயே எண்ணப்படுவான்.

சமண நெறிக்கு இந்த வரையறை அந்நியமானதன்று. நால்வகைச் சங்கத்தில் துறவியரும் ஆர்யிகையரும் இரு பகுதி. சிராவகரும் சிராவகியரும் இரு பகுதி. துறவியர் தமக்கெனச் சமைப்பதில்லை. இல்லறத்தார் அடுப்பு எரிந்தால்தான் ஆகார தானம் நிகழும். நீரை வடிகட்டிப் பருகுவதும், இரவு உண்ணாமையும், கொல்லாமை வழுவாத சமையலும் அடுப்படியிலேயே காக்கப்படுகின்றன. குழந்தைகள் அவற்றை அங்கேதான் கற்கின்றனர்.

சிலப்பதிகாரம் இதனை அறிந்திருந்தது. மதுரையின் புறஞ்சேரியில் கவுந்தியடிகள் கண்ணகியையும் கோவலனையும் ஆயர்குல மாதரியிடம் அடைக்கலமாக ஒப்படைத்தார். அவர்கள் சாவக நோன்பினர் என்பதற்காகவே பகற்பொழுதில் சமைத்துண்ண நல்ல கலங்கள் தனியே அளிக்கப்பட்டன. அவர்கள் மதுரைக்குச் செல்லும் வழிகளைப் பற்றிக் கேட்டறிந்தபோது சொல்லப்பட்ட வழிகளுள் ஒன்றில் இடம்பெறுவது, திண்டுக்கல்லுக்கு அருகே உயர்ந்து நிற்கும் சிறுமலை. புதிய ஊரின் புறநகரில் இருவர் மட்டுமே உள்ள குடும்பத்துக்கு முதலில் தேவைப்பட்டது தனி அடுப்பும், அவர்களது நோன்பை மதிக்கும் அண்டை வீடும் என்பதை அக்காப்பியம் காட்டுகிறது.

கல்வெட்டும் அதனையே சொல்கிறது. பழனிக்கு அருகிலுள்ள ஐவர்மலை பண்டைய திருவயிரை. அங்கே வரகுண பாண்டியனின் எட்டாம் ஆட்சியாண்டு, சக ஆண்டு 792, அதாவது பொது ஆண்டு 870 எனக் காலம் குறித்த கல்வெட்டு ஒன்று உள்ளது. பாண்டியர் ஆண்டு வரிசையை வரையறுக்க வரலாற்றாசிரியர்க்கு உதவிய கல்வெட்டு அது. குணவீரக் குரவடிகளின் மாணாக்கரான சாந்திவீரக் குரவர், பார்சுவ பட்டாரகர் படிமத்தையும் இயக்கியர் படிமங்களையும் புதுப்பித்து, வழிபாட்டுக்கும் அடிகள் ஒருவரின் உணவுக்கும் 505 காணம் வைத்தார் என்று அது கூறுகிறது. படிமம் புதுப்பித்ததோடு அவர் நிற்கவில்லை. ஒருவருக்கு நாள்தோறும் சோறு கிடைப்பதையும் எண்ணினார். படிமங்கள் இன்றும் பாறையில் உள்ளன. அந்தச் சோற்றைச் சமைத்த குடிகளின் தொடர்ச்சி அம்மலையடியில் இல்லை.

இனி, சிறு சமூகங்கள் தம்மைத் தாமே எண்ணிக்கொள்ளும் முறையைக் காண்போம். மதுரை, திண்டுக்கல் வட்டாரத்துச் சிற்றூர்களில் திருவிழா வரி தலைக்கட்டுக் கணக்கில் தண்டப்படுகிறது. மணமான ஆண் ஒருவரும் அவரைச் சார்ந்தோரும் ஒரு தலைக்கட்டு. பல ஊர்களில் கைம்பெண்ணின் வீட்டுக்கு வரி விலக்கு உண்டு. இரக்கத்தால் எழுந்த வழக்கம் அது. ஆயினும் வரிப்பட்டியலே பெயர்ப்பட்டியலாகும்போது, விலக்குப் பெற்றவரின் பெயர் மெல்ல மறைகிறது. அழைப்பிதழும் அந்தப் பட்டியலின்படியே செல்கிறது. தனித்து வாழும் முதிய தாய் இவ்வாறே கணக்கிலிருந்து நழுவுகிறார்.

தலைக்கட்டுக் கணக்கின் மற்றொரு குறையை ஒரு கற்பனைக் கணக்கால் விளக்கலாம். ஒரு புறநகரில் 20 குடும்பங்கள், 72 பேர் என்று கொள்க. அவற்றுள் முதியோர் மட்டும் வாழும் வீடுகள் 5. அவற்றில் 8 பேர். கணவன், மனைவி, பிள்ளைகள் வாழும் வீடுகள் 9. அவற்றில் 32 பேர். மூன்று தலைமுறையும் சேர்ந்து வாழும் வீடுகள் 6; அவற்றில் 32 பேர்.

பத்தாண்டுகள் கழிகின்றன. முதியோர் வீடுகளில் இரண்டு மூடப்படுகின்றன. மூன்றில் ஒவ்வொருவர் எஞ்சுகின்றனர். ஒன்பது வீடுகளின் பிள்ளைகளும் படிப்புக்கும் பணிக்குமாகச் சென்னைக்கும் பெங்களூருக்கும் சென்றுவிட, 18 பெற்றோர் எஞ்சுகின்றனர். கூட்டுக் குடும்பங்களில் 24 பேர் உள்ளனர். இப்போது குடும்பங்கள் 18. மக்கள் 45 பேர். வரிப் புத்தகத்தில் 20 என்பது 18 ஆனது. பொருளாளருக்குப் பெரிய குறை எதுவும் தெரியாது. மக்களோ மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிட்டனர். அதைவிடக் கருதத்தக்கது, முதியோர் வீடுகள் ஐந்திலிருந்து பன்னிரண்டாக உயரும் காலம் நெருங்கிவிட்டது. அடுத்த பதினைந்து, இருபது ஆண்டுகளில் அந்தப் பன்னிரண்டும் ஏறத்தாழ ஒரே காலத்தில் மூடப்படும். தலைக்கட்டுக் கணக்கு நெடுங்காலம் அசையாமல் நின்று, பின்பு ஒரேயடியாகச் சரியும். வந்தவாசி, செஞ்சி, திண்டிவனம் வட்டாரங்களிலுள்ள தமிழ்ச் சமணர் சிற்றூர்களில் உறவினர் உடையோர் இந்த நிலையைக் கண்ணாரக் கண்டிருப்பர்.

நாடு தழுவிய எண்களும் எச்சரிக்கை தருகின்றன. 2011இல் இந்தியாவில் சமணர் 44,51,753 பேர். பத்தாண்டு வளர்ச்சி நூற்றுக்கு 5.4, நாட்டின் வளர்ச்சி 17.7. தமிழகத்தில் சமணர் 83,359இலிருந்து 89,265 ஆயினர். இந்த எண்ணில் தமிழ்ச் சமணரும் வடநாட்டிலிருந்து வந்து குடியேறியோரும் சேர்ந்தே உள்ளனர். எண்ணிக்கையில் சிறுத்த சமூகம் எங்கே சென்றடையும் என்பதற்குப் பார்சிகள் சான்று. 1941இல் 1,14,890 ஆக இருந்த அவர்கள் 2011இல் 57,264 ஆயினர். கல்வியும் செல்வமும் மிக்க சமூகம் அது. அவை இரண்டும் அச்சரிவைத் தடுக்கவில்லை.

ஆயினும் இதற்கு இளைஞர்களைக் குறைகூறிப் பயனில்லை. படித்த மகளும் மகனும் வேலை உள்ள ஊருக்குச் செல்வர். குடும்ப அளவைப் பெற்றோரே தீர்மானிப்பர். சமூகம் செய்யத்தக்கது, உள்ள குடும்பங்களைச் சரியாக அறிந்து, அவற்றை ஒன்றோடொன்று இணைப்பது.

முதலாவதாக, வரிப்பட்டியலுக்கு வேறாக அடுப்புப் பட்டியல் ஒன்று வேண்டும். ஒவ்வொரு வீட்டிலும் அன்றாடம் உண்போர் யார், அவர்தம் வயது என்ன, அவ்வீட்டைச் சேர்ந்து வெளியூரில் வாழ்வோர் யார், தனித்து வாழ்பவர் உளரா என்பன அதில் இருக்க வேண்டும். வரி செலுத்தாத வீடும், படிப்புக்கோ பணிக்கோ இங்கு வந்து அறை எடுத்துத் தங்கியிருக்கும் இளைஞரும் அதில் இடம்பெற வேண்டும். ஆண்டுதோறும் அது புதுப்பிக்கப்பட வேண்டும். அச்சிட்டுப் பரப்பாமல் பொறுப்பாளர் இருவரிடம் மட்டும் அது இருத்தல் நலம்.

இரண்டாவதாக, புறநகர்களைச் சாலை வாரியாகப் பிரித்து, ஒவ்வொரு சாலையிலும் உள்ள குடும்பங்கள் மாதம் ஒரு மாலையேனும் ஒரு வீட்டில் கூடிக் கதிர் மறையும் முன் சேர்ந்து உண்ணலாம். தனக்கு மட்டும் சமைக்க மனமில்லாத முதியவருக்கு அது உணவு. பணி முடிந்து இருட்டிய பின்பே வீடு திரும்பும் இளம் தம்பதியருக்கு அது நோன்பின் நினைவூட்டல். குழந்தைகளுக்கு அது பாடசாலை.

மூன்றாவதாக, வரவிருக்கும் அரசுக் கணக்கெடுப்பு. வீட்டுப்பட்டியல் பணி 2026இலும், மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2027 மார்ச் 1ஐ மேற்கோள் நாளாகக் கொண்டும் நடைபெறும் என அறிவிக்கப்பட்டுள்ளது. சமயத்தைப் பற்றிய கேள்வியில் சமணத்துக்குத் தனி இடம் உண்டு. பெயரைக் கேட்ட அளவில் எழுதுவோர் வேறு சமயம் எனக் குறித்துவிடல் கூடும். ஆகவே குடும்பத் தலைவரோ தலைவியோ, ஒவ்வொருவரின் சமயமும் எவ்வாறு எழுதப்பட்டது என்பதைக் கேட்டறிதல் வேண்டும். 2014 ஜனவரியில் சமணர் தேசிய அளவில் சிறுபான்மையினராக அறிவிக்கப்பட்டனர். அந்த உரிமைகளைத் திட்டமிடுவோர் காண்பது கணக்கெடுப்பில் பதிவான எண்ணையே. தனிமனிதர் தரும் விவரங்களை 1948ஆம் ஆண்டுச் சட்டம் மறைவாகக் காப்பதால் தயக்கத்துக்கும் இடமில்லை.

விழா மலர் கையில் கிடைத்ததும் பலரும் முதலில் தேடுவது நன்கொடையாளர் பட்டியலில் தம் பெயரை. அந்தப் பட்டியலில் இல்லாத பெயர்களையும் ஒருமுறை நினைவுகூர்வது இவ்விழாவின் பயனாகட்டும். எந்த வீட்டுப் பாட்டி இவ்வாண்டு வரவில்லை, எந்தப் புறநகரில் ஒரே ஒரு சமணக் குடும்பம் இருக்கிறது என்று கேட்டு, விழா முடிந்த வாரத்திலேயே அவ்வீடுகளின் கதவைத் தட்டுவோர் சிலர் முன்வந்தால் அடுப்புப் பட்டியலின் முதல் பக்கம் எழுதப்பட்டுவிடும்.

வாழ்க அறம்! வளர்க நால்வகைச் சங்கம்! ஜெய் ஜினேந்திர.