கல்லூரி வளாகங்களின் நீர்க்கணக்கும் மின்கணக்கும்

(வடமாலபேட்டையில் கல்லூரி மாணவர்களும் வளர்ச்சித் துறை அலுவலர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

சென்னையிலிருந்து திருப்பதிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் புத்தூரைக் கடந்ததும் வருகிறது வடமாலபேட்டை. 2022 ஏப்ரல் மாதத்தில் திருப்பதி மாவட்டம் உருவாகும்வரை இது சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்ததாக இருந்தது. தமிழும் தெலுங்கும் கலந்து ஒலிக்கும் இவ்வட்டாரத்தில் கல்வி நிலையங்களுக்குக் குறைவில்லை. 1954-இல் நிறுவப்பட்ட ஸ்ரீ வேங்கடேசுவரா பல்கலைக்கழகம், 1983-இல் தொடங்கிய ஸ்ரீ பத்மாவதி மகளிர் பல்கலைக்கழகம், 2015-இல் வந்த இந்தியத் தொழில்நுட்பக் கழகம், இந்திய அறிவியல் கல்வி மற்றும் ஆய்வுக் கழகம் ஆகியவற்றோடு தனியார் பொறியியல் கல்லூரிகள் பலவும் உள்ளன. ஒரு தலைமுறைக்கு முன்னர் நிலக்கடலையும் கரும்பும் விளைந்த நிலங்களில் இன்று விடுதிக் கட்டடங்கள் எழுந்துள்ளன.

விடுதி என்பது பொருளியல் நோக்கில் ஒரு சிற்றூர். அங்கே சமையல் உண்டு, குளியல் உண்டு, குப்பை உண்டு, மின்சாரச் செலவும் உண்டு. ஆயினும், சிற்றூருக்கு உள்ள ஏரியோ வயலோ அதற்கு இல்லை. தனக்கு வேண்டிய நீரை அது நிலத்தடியிலிருந்து எடுக்கிறது. இப்பகுதி கடினப்பாறைப் பகுதி. பாறை வெடிப்புகளில் தங்கும் நீரே ஆழ்துளைக் கிணறுகளில் கிடைக்கிறது. அதே வெடிப்பில் அடுத்த வேலியிலுள்ள விவசாயியின் கிணறும் நீர் எடுக்கிறது. எனவே கல்லூரியின் நீர்ப் பயன்பாடு கல்லூரியின் சொந்த விவகாரம் மட்டுமன்று. ஆந்திரப் பிரதேச நீர், நிலம், மரங்கள் சட்டம் 2002-இல் இயற்றப்பட்டதற்கும் இத்தகைய நிலைமையே காரணம்.

பாடமாக வந்த வரலாறு

உயர்கல்வியில் சுற்றுச்சூழல் நுழைந்த வழி நீதிமன்ற வழி. 1976-இல் 42-ஆவது திருத்தத்தின் மூலம் அரசமைப்புச் சட்டத்தில் 48-அ பிரிவும், குடிமக்களின் கடமைகளைக் கூறும் 51-அ பிரிவும் சேர்க்கப்பட்டன. மறு ஆண்டு ஜார்ஜியாவின் திபிலிசி நகரில் நடந்த யுனெஸ்கோ மாநாடு சுற்றுச்சூழல் கல்விக்கு ஓர் உலகளாவிய வரையறையை அளித்தது. எனினும் நம் கல்லூரிகளில் பெரிய மாற்றம் ஏதும் நிகழவில்லை. வழக்கறிஞர் எம். சி. மேத்தா தொடர்ந்த வழக்கில் 1991 நவம்பர் 22 அன்று உச்ச நீதிமன்றம் சுற்றுச்சூழலைக் கட்டாயப் பாடமாக்குமாறு பணித்தது. அவ்வாணை முழுமையாக நிறைவேறவில்லை என்று 2003-இல் மீண்டும் நீதிமன்றம் தலையிட நேர்ந்தது. அதன் பின்னரே பல்கலைக்கழக மானியக் குழு இளநிலைப் பட்டப் படிப்புகள் அனைத்துக்கும் ஆறு மாதப் பாடம் ஒன்றை வகுத்தது. தேசியக் கல்விக் கொள்கை 2020-ஐ ஒட்டி, 2023-இல் புதிய பாடத்திட்ட வழிகாட்டுதல்களும் வந்துள்ளன.

ஆணைக்கும் நடைமுறைக்கும் இடையே பன்னிரண்டு ஆண்டுகள் கடந்தன என்பது ஒருபுறம் இருக்க, நடைமுறைக்கு வந்த விதமும் சிந்திக்கத்தக்கது. சுற்றுச்சூழல் ஒரு வினாத்தாளாக வந்தது. மாணவர் நீர்ச் சுழற்சியின் படத்தை வரைந்து மதிப்பெண் பெறுகிறார். தாம் தங்கியிருக்கும் விடுதிக்கு நாள்தோறும் எத்தனை லிட்டர் நீர் வருகிறது, அது எங்கே போகிறது என்று கேட்டால் அவருக்குத் தெரிவதில்லை. அவருடைய பேராசிரியருக்கும் தெரிவதில்லை. பெரும்பாலான வளாகங்களில் அந்தக் கணக்கே எழுதப்படுவதில்லை. ஏனெனில் ஆழ்துளைக் கிணற்றில் நீரளவி பொருத்தும் வழக்கம் இல்லை.

அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி 2021-22-ஆம் ஆண்டில் நாட்டில் 1,168 பல்கலைக்கழகங்களும் 45,473 கல்லூரிகளும் இருந்தன. மாணவர் எண்ணிக்கை 4.33 கோடி. கல்லூரிகளில் நான்கில் மூன்று பங்குக்கும் மேற்பட்டவை தனியார் நிருவாகத்தில் உள்ளவை. ஆகவே அரசாணை ஒன்றினால் மட்டும் காரியம் நடந்துவிடும் என எதிர்பார்ப்பதற்கில்லை. நிருவாகத்தின் வரவு செலவுக் கணக்கில் இலாபம் தெரிய வேண்டும்.

ஒரு விடுதியின் நீர்க்கணக்கு

ஐந்நூறு மாணவர்கள் தங்கும் விடுதி ஒன்றை எடுத்துக்கொள்வோம். நபர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது நகர்ப்புற நீர் வழங்கலில் கையாளப்படும் அளவு. அதன்படி நாள் தேவை 67,500 லிட்டர். வளாகத்தின் கூரைப் பரப்பு 5,000 சதுர மீட்டர் என்றும், ஆண்டு மழை 900 மில்லிமீட்டர் என்றும் கொள்வோம். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் நீர். ஆவியாதலும் முதல் மழைக் கழிவும் போக எண்பது சதவீதம் கிடைக்குமானால், ஆண்டுக்கு 36 இலட்சம் லிட்டர் சேரும். கேட்பதற்குப் பெரிய தொகைதான். ஆயினும் அது அவ்விடுதியின் 53 நாள் தேவைக்கே போதும்.

மழைநீர்ச் சேகரிப்புத் தொட்டி ஒன்றைக் கட்டி, அதற்குப் பெயர்ப் பலகையும் வைத்துவிட்டால் கடமை முடிந்தது என்று எண்ணுவோர் இக்கணக்கைப் பார்க்க வேண்டும்.

கழிப்பறைகளுக்கு நபருக்கு 45 லிட்டர் வீதம் நாளொன்றுக்கு 22,500 லிட்டர் நல்ல நீர் செலவாகிறது. அதே வேளையில் குளியலறையிலிருந்தும் துணி துவைக்கும் இடத்திலிருந்தும் நபருக்கு 60 லிட்டர் வீதம் 30,000 லிட்டர் நீர் சாக்கடைக்குப் போகிறது. இது கழிப்பறைக் கழிவு கலவாத நீர். வண்டலைத் தங்கவிட்டு, சரளைக்கல் பரப்பி நாணலும் கல்வாழையும் நட்ட படுகை வழியே செலுத்தினால் பெரிதும் தெளிந்துவிடும். அதன்பின் கிருமி நீக்கம் செய்து கழிப்பறைத் தொட்டிகளுக்கு ஏற்றலாம். மிஞ்சும் 7,500 லிட்டர் தோட்டத்துக்கு. ஆண்டில் 300 நாள் விடுதி இயங்கினால் இவ்வழியில் கிடைப்பது 90 இலட்சம் லிட்டர், அதாவது கூரை மழையைப் போல் இரண்டரை மடங்கு. நல்ல நீரின் நாள் தேவை 45,000 லிட்டராகக் குறைந்துவிடுவதால், அதே மழைநீர் 53 நாளுக்குப் பதிலாக 80 நாள் வரும். கழிவுநீர் மறுபயன்பாடு முதலில், மழைநீர்த் தொட்டி அடுத்து என்பதே இதிலிருந்து கிடைக்கும் முன்னுரிமை. நடைமுறையில் இது தலைகீழாக உள்ளது.

இதற்குத் தடை தொழில்நுட்பம் அன்று. கழிப்பறைகளுக்குத் தனிக் குழாய் வேண்டும். கட்டடம் எழும்போது அதைப் போடுவது சிறிய செலவு; குடிபுகுந்த பின்னர் சுவரை உடைத்துப் போடுவது பெரிய செலவு. இங்கே கூடியுள்ள அலுவலர்களில் கட்டட வரைபட அனுமதியுடன் தொடர்புடையவர்கள் இருக்கக்கூடும். இரட்டைக் குழாய் அமைப்பு இல்லாத புதிய விடுதிக்கு அனுமதி வழங்குவது என்பது, முப்பது நாற்பது ஆண்டுகளுக்கான நீர் விரயத்துக்கு அன்றைக்கே ஒப்புதல் அளிப்பதாகும். இரு குழாய்களுக்கும் இரு நிறம் பூசி, குடிநீருடன் கலக்காமல் காப்பதும் இன்றியமையாதது.

சென்னையிலுள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகம் கழிவுநீரைச் சுத்திகரித்துக் கழிப்பறைகளுக்கும் தோட்டத்துக்கும் பயன்படுத்தி வந்துள்ளது. 2019 கோடையில் சென்னை நகரின் ஏரிகள் வறண்டபோது இத்தகைய ஏற்பாட்டின் அருமை பலருக்கும் புலப்பட்டது.

சேமித்தவருக்குச் சேமிப்பு இல்லை

மின்சாரத்தில் வேறொரு சிக்கல். பழைய மின்விசிறி ஏறத்தாழ 75 வாட் எடுக்கும். புதிய வகை விசிறி 30 வாட். விசிறி ஒன்று நாள்தோறும் 8 மணி நேரம் வீதம் 200 நாள் ஓடினால் ஆண்டுக்கு 72 யூனிட் மிச்சம். யூனிட் 8 ரூபாய் என வைத்துக்கொண்டால் 576 ரூபாய். ஓடிக்கொண்டிருக்கும் விசிறியைக் கழற்றிவிட்டு 3,000 ரூபாய்க்குப் புதியது வாங்கினால் முதல் திரும்ப ஐந்து ஆண்டுக்கு மேலாகும். பழுதான விசிறிக்குப் பதிலாகவே புதிய வகையை வாங்கினால், கூடுதல் விலை 1,200 ரூபாய் என்று கொண்டாலும் இரண்டே ஆண்டில் முதல் திரும்பிவிடும். ஆகவே கேள்வி எதை வாங்குவது என்பது மட்டுமன்று, எப்போது வாங்குவது என்பதுமாகும்.

இவ்வளவு எளிய கணக்கு ஏன் நடைமுறைக்கு வருவதில்லை? ஒப்பந்தப்புள்ளியில் குறைந்த விலை கூறியவரிடம் வாங்குவது விதி. மின்கட்டணமோ வேறு தலைப்பில், வேறு அதிகாரியின் பொறுப்பில் வருகிறது. விசிறி வாங்குபவர் மின்கட்டணம் கட்டுவதில்லை. அரசுக் கல்லூரி முதல்வர் ஒருவர் சிரமப்பட்டு மின்செலவைக் குறைத்தால், மிச்சத் தொகை மார்ச் 31 அன்று காலாவதியாகும். அடுத்த ஆண்டு ஒதுக்கீடும் அந்த அளவுக்குக் குறைக்கப்படும். சிக்கனத்துக்குத் தண்டனை விதிக்கும் ஏற்பாடு என்றே இதைச் சொல்ல வேண்டும். சேமிப்பில் பாதியையேனும் கல்லூரியிடமே விட்டு, அடுத்த சேமிப்புப் பணிக்கு அதைச் சுழல்நிதியாகப் பயன்படுத்த அனுமதிக்கலாம். அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகம் தன் துறைகளுக்கு இத்தகைய கடன்நிதி ஒன்றைப் பல ஆண்டுகள் நடத்தியுள்ளது. ஏழை நாட்டுக் கல்லூரிக்கே அத்தகைய நிதி கூடுதலாகத் தேவை.

சூரிய மின்சக்தியில் இச்சிக்கல் ஓரளவு தீர்ந்துள்ளது. கூரையைக் கல்லூரி அளிக்க, நிறுவனமொன்று தன் செலவில் தகடுகளைப் பொருத்தி, உற்பத்தியாகும் மின்சாரத்தை ஒப்பந்த விலைக்குத் தரும் முறை வந்துள்ளது. இராயலசீமையின் வெயிலில் ஒரு கிலோவாட் தகடு நாளொன்றுக்குச் சராசரி நான்கு யூனிட் தரும். கல்லூரியின் தேவை பகலில் மிகுதி. சூரியனும் பகலில்தான் வருகிறது. இதைவிடப் பொருத்தமான வாடிக்கையாளர் கிடைப்பது அரிது.

மரம் நடுதலைப் பற்றி அதிகம் கூற வேண்டியதில்லை. 1950-இல் கே. எம். முன்ஷி தொடங்கி வைத்த வனமகோத்சவம் முதல் நாம் நட்டுக்கொண்டே இருக்கிறோம். ஆண்டுதோறும் அதே குழியில் புதிய கன்றை நட்டு, புதிய புகைப்படம் எடுக்கும் வளாகங்களும் உண்டு. வளர்த்துக் காட்டியவர்களும் இருக்கிறார்கள். சென்னைக் கிறித்தவக் கல்லூரி 1937-இல் தாம்பரத்துக்கு இடம் மாறியபோது, வேதியியல் பேராசிரியர் எட்வர்டு பார்ன்சும் அவருடைய துணைவியாரும் அந்தப் புதர்க்காட்டின் தாவரங்களைப் பேணியும் மரங்களை நட்டும் வளர்த்தனர். பழைய சித்தூர் மாவட்டத்தில், மதனப்பள்ளிக்கு அருகே, வறண்டு கிடந்த பள்ளத்தாக்கை ரிஷிவேலி பள்ளியினர் தடுப்பணைகளாலும் மரங்களாலும் பசுமையாக்கினர். அது கல்லூரியன்று, பள்ளிதான். எனினும் பல்கலைக்கழகங்கள் அங்கே கற்றுக்கொள்ள வேண்டியது உண்டு. சேஷாசல மலையின் செம்மரம் உலகில் இவ்வட்டாரத்துக்கே உரிய மரம். அம்மலை 2010-இல் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. அதன் அடிவாரத்து வளாகங்கள் அயல்நாட்டு அலங்காரச் செடிகளுக்கு நீர் இறைப்பது வியப்புக்குரியது.

குப்பையில் சட்டம் முன்னரே வந்துவிட்டது. 2016-இன் திடக்கழிவு விதிகளே நாளொன்றுக்கு 100 கிலோவுக்கு மேல் கழிவு உண்டாக்கும் கல்வி நிலையங்களை மொத்தக் கழிவாளராக வகைப்படுத்தின. விடுதிச் சமையலறைக் கழிவிலிருந்து எரிவாயு எடுப்பது பழைய, எளிய தொழில்நுட்பம்.

தணிக்கையை யார் செய்வது?

நாக் எனப்படும் தேசிய மதிப்பீடு மற்றும் தரச்சான்றுக் குழு தன் ஏழாவது அளவுகோலில் பசுமைத் தணிக்கை, எரிசக்தித் தணிக்கை ஆகியவற்றுக்கு இடமளித்தது. இதனால் கல்லூரிகளின் கவனம் இத்துறைமீது திரும்பியது என்பது உண்மை. ஆனால் வெளியிலிருந்து வரும் முகமை ஓரிரு நாளில் சுற்றிப் பார்த்து வழங்கும் சான்றிதழ் கோப்பில் நன்றாக இருக்கும். குழாயில் ஒழுகும் நீரை அது நிறுத்தாது. கட்டாயப் பாடத்தின் களப்பணியாக இத்தணிக்கையை மாணவரிடமே ஒப்படைக்கலாம். நீரளவியை வாரந்தோறும் படிப்பது, விடுதிவாரியாக மின்செலவை எழுதி உணவுக் கூடத்தின் சுவரில் ஒட்டுவது, மிஞ்சும் சோற்றை எடை போடுவது ஆகியவற்றுக்குச் செலவு ஏதுமில்லை. நீரளவிக்குச் செலவு உண்டு. அதுவும் ஒரு விழா மேடையின் செலவைவிடக் குறைவு.

மாணவர் எழுதும் கணக்கு நிருவாகத்துக்குச் சங்கடம் தரலாம். அந்தச் சங்கடத்தை ஏற்கும் நிருவாகத்தில்தான் பாடத்துக்கும் வளாகத்துக்கும் தொடர்பு ஏற்படும்.

கணக்கு வளாகச் சுவரோடு நின்றுவிடவும் கூடாது. 2021 நவம்பர் நடுவில் திருப்பதிப் பகுதியில் கொட்டிய மழையில் நகரின் தெருக்கள் ஆறாயின. இராயலசெருவு ஏரிக்கரையில் கசிவு கண்டு, கீழேயிருந்த ஊர்களின் மக்கள் வெளியேற்றப்பட்டனர். ஏரி நிறைவதும் உடைவதும் அதற்கு நீர் கொணரும் கால்வாய்களையும், மிகைநீரை வெளியேற்றும் கலிங்கையும் பொறுத்தவை. சரிவான நிலத்தில் சுற்றுச்சுவர் எழுப்பும் எந்த வளாகமும் ஏதேனும் ஒரு நீரோட்டத்தைக் குறுக்கிடக்கூடும். வருவாய்த் துறையின் புல வரைபடத்தில் அக்கால்வாய்கள் கோடுகளாக உள்ளன. குடிமைப் பொறியியல் மாணவர் சிலரும் கிராம நில அளவையர் ஒருவரும் அவ்வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு வாரம் நடந்தால், எந்தக் கால்வாய் எந்தச் சுவரில் முட்டி நிற்கிறது என்று தெரிந்துவிடும். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குகிறது. அதற்கு முன்னர், கோடை விடுமுறை முடிந்து வகுப்புகள் திறந்த முதல் மாதத்திலேயே இதைச் செய்துவிட முடியும்.