இரண்டு சாட்சிகள்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூடுகையில் ஆற்றிய உரை)

 

லண்டன் வாழ்க்கையைப் பற்றிப் பத்து நிமிடம் பேசச் சொல்லியிருக்கிறார் நம் செயலாளர். அங்கே கிடைக்கிற சம்பளத்தையும் அடிக்கிற குளிரையும் பற்றி நிறையக் கேட்டிருப்பீர்கள். நான் ஒரு கல்யாணத்தைப் பற்றிச் சொல்கிறேன். நம் கல்லூரியில் எனக்குப் பல ஆண்டுகள் பின்னால் படித்த இருவர் அங்கே பதிவுத் திருமணம் செய்துகொண்டார்கள். கூட இருந்து உதவிய நண்பர்களில் நானும் ஒருவன். நம் பிள்ளைகள் உலகமெங்கும் இருக்கிறார்கள். நாளை உங்களில் யாருக்கும் இந்தப் பொறுப்பு வரலாம்.

பையன் வீட்டில் சம்மதம் இல்லை. பெண்ணின் தகப்பனார் சிறு வயதிலேயே குடும்பத்தை விட்டுப் போனவர். இட்லிக் கடை வைத்து மகளைப் படிக்க வைத்த அம்மாவுக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை ஆகியிருந்ததால் பயணம் செய்ய முடியாது. "ரெண்டு பேர் சாட்சிக் கையெழுத்துப் போட்டா போதும்ணா, வேற யாரையும் கூப்பிட வேண்டாம்" என்றது அந்தப் பெண். வேண்டாம் என்ற வார்த்தையில்தான் வேண்டும் என்பது கேட்டது.

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். நினைத்த அன்றைக்கே அங்கே பதிவு செய்துவிட முடியாது. இருவரும் நேரில் போய் முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும். அதன்பின் 28 நாள் காத்திருக்க வேண்டும். வெளிநாட்டவர் என்றால் சில சமயம் 70 நாள் வரை நீட்டிப்பார்கள். ஆகவே உதவப் போகிற நண்பர் மண்டபம் பார்ப்பதற்கு முன்னால் காலண்டரைப் பார்க்க வேண்டும்.

முன்னறிவிப்பு கொடுக்கும்போதே பெற்றோர் பெயரையும் தொழிலையும் கேட்பார்கள். இங்கிலாந்தில் 1837-இல் அரசுப் பதிவு தொடங்கியது. அன்று முதல் திருமணப் பதிவில் மணமக்களின் தகப்பனார் பெயருக்கு மட்டும்தான் இடம். தாயின் பெயரும் இடம்பெறத் தொடங்கியது எப்போது தெரியுமா? 2021 மே மாதம்தான்! 184 வருஷம் ஆகியிருக்கிறது.

"தொழில்னு கேட்கிறாங்கண்ணா, ஹவுஸ் ஒய்ஃப்னு போட்டுடலாமா?" என்று அந்தப் பெண் கேட்டது. "ஏம்மா, விடியக்காலை நாலு மணிக்கு எழுந்து இட்லி ஊத்தினவங்களுக்குத் தொழில் இல்லையா?" என்றேன். சிற்றுண்டிக் கடை உரிமையாளர் என்று பதிவாயிற்று. தகப்பனார் பெயரைக் கொடுக்க வேண்டாம் என்று அந்தப் பெண் தீர்மானித்தது. சட்டம் அதற்கும் இடம் கொடுக்கிறது.

அடுத்து சடங்கு. பதிவு அலுவலகத்தில் மதச் சடங்கு கூடாது. கோயிலில் நடப்பதுபோல் அங்கே விளக்கேற்றி மந்திரம் சொல்ல முடியாது. எந்தப் பாட்டு, எந்த வாசகம் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது. தாலி கட்டுவதை வீட்டுக்கென்று வைத்துக்கொண்டோம். அட்சதையும் வீட்டில்தான். ஈஸ்ட் ஹாம் கடைத்தெருவில் வாழை இலையும் மல்லிகைச் சரமும் வாங்கினோம். மொத்தம் ஒன்பது பேர். ஒருவர் சாம்பார், ஒருவர் பாயசம் என்று பிரித்துக்கொண்டோம். பெரிய கல்யாணம் மாதிரி காட்ட வேண்டும் என்று யாரும் கிளம்பவில்லை. சின்னக் கல்யாணத்தைப் பெரிதாக்கிக் காட்டினால், வராதவர்களின் காலி நாற்காலிதான் கண்ணில் படும்.

சட்டம் கேட்கும் சாட்சி குறைந்தது இரண்டு பேர். வழியில் போகிற முன்பின் தெரியாதவர்கூடக் கையெழுத்துப் போடலாம். ஆனால் மணமக்கள் சொல்ல வேண்டிய உறுதிமொழியைக் கவனித்துக் கேட்டபோதுதான் எனக்கு விஷயம் விளங்கியது. தடை ஏதும் இல்லை என்பது முதல் உறுதி. இரண்டாவதில், இங்கே கூடியிருப்பவர்களைச் சாட்சியாக அழைத்து, இவரை ஏற்கிறேன் என்று சொல்ல வேண்டும். ஆக, கூடியிருப்பவர்கள் வேடிக்கை பார்க்க வந்தவர்கள் அல்ல. அவர்களைச் சாட்சியாக வைத்துத்தான் அந்த வாக்கே கொடுக்கப்படுகிறது.

இது நமக்குப் புதிதும் அல்ல. அறிஞர் அண்ணா முதல்வராக இருந்தபோது நிறைவேறிய 1967-ஆம் ஆண்டுத் திருத்தம் சுயமரியாதைத் திருமணத்துக்குச் சட்ட அங்கீகாரம் தந்தது. உறவினர், நண்பர் அல்லது பிறர் முன்னிலையில் நடந்தால் செல்லும் என்கிறது அது. நண்பர் என்ற சொல்லைச் சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள், பாருங்கள்!

கல்யாணத்தன்று காலை பதினொரு மணி. நம் ஊரில் மாலை மூன்றரை. அலுவலரிடம் அனுமதி கேட்டு, போனில் அம்மாவை வீடியோவில் அழைத்தோம். அக்கம்பக்கத்தார் எல்லோரும் கடைக்குள் கூடியிருந்தார்கள். அம்மா என்னிடம், "தம்பி, அங்க தாய்மாமன் ஸ்தானத்துல நீங்கதான் நிக்கணும்" என்றார்கள். எத்தனையோ மேடைகளில் பேசியிருக்கிறேன். அன்றைக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை, தலையைத்தான் ஆட்டினேன்.

கால் மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது. மணமக்களும் நாங்கள் இரண்டு சாட்சிகளும் கையெழுத்துப் போட்டோம். சான்றிதழ் பிறகு வந்தது. இந்தியாவில் காட்டுவதற்கு அதில் அப்போஸ்டில் முத்திரை வாங்க வேண்டும், மறந்துவிடாதீர்கள். சான்றிதழ் படத்தை அனுப்பியதும் அம்மா தேடியது மகள் பெயரை அல்ல, தன் பெயரை. அதை வாசிக்கச் சொல்லிக் கேட்டு, "என் கடையையும் போட்டிருக்காங்களா?" என்றார்களாம்.

நண்பர்களே, நாமெல்லாம் விடுதியில் ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள். வெளிநாட்டில் ஓர் இளைஞனோ இளம்பெண்ணோ, "ரெண்டு பேர் போதும்" என்று சொன்னால், அந்த இரண்டு பேரில் ஒருவராக இருங்கள். செலவு அதிகம் இல்லை. ஒரு நாள் லீவு, ஒரு முழம் பூ, ஒரு கையெழுத்து. பையன் வீட்டார் இன்னும் பேசவில்லை. பேசும் நாள் வரைக்கும் அந்த இருவருக்கும் உறவு என்று சொல்லிக்கொள்ள ஒன்பது பேர் இருக்கிறோம்.